சுவருக்கு எந்தப் பக்கம் இயேசு?

"கிறிஸ்தவத்துல ஏதுங்க சாதி?"ன்னு கொண்டப்பநாயக்கன்பட்டி டீக்கடையில ஒருத்தர் அடிச்சுப் பேசினார். வடக்கன்குளம் தெரியுமான்னு கேட்டேன். தெரியாதாம்.

நெல்லைச் சீமையில் இருக்கும் அந்தக் கத்தோலிக்கக் கோயிலை, கால்சட்டை மாதிரி இரண்டு காலாகக் கட்டினார்கள். ஒன்றில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடார். பலிபீடம் மட்டும் பொது. 1910-ல் தடுப்பை இடித்ததும் வெள்ளாளர் தரப்பு கோர்ட்டுக்கே போனது. பரம்பரை வழக்கமாம்!

சீடர்கள் கை கழுவாமல் சாப்பிட்டதற்கு, முன்னோர் மரபு போச்சேன்னு சண்டைக்கு வந்த பரிசேயர்களை மாயக்காரர்னு திட்டினவருங்க இயேசு. ஒதுக்கி வைத்த சமாரியப் பெண்ணிடமே தண்ணீர் கேட்டவர்.

பழைய கதையா? 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்கள் வீடுகளை அடித்து நொறுக்கியது வன்னியக் கத்தோலிக்கர்கள். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 2 பேர் செத்தார்கள்.

இப்ப சொல்லுங்க சாமி, யாரைக் கும்பிடுறீங்க? இயேசுவையா, பரிசேயனையா?