கடைசி வாங்குப் பிள்ளை

சென்ற கிழமை ஒரு மாலைப்பொழுதில், ஒரு தாயார் தம் மகனுடனும் அவனுடைய அப்பியாசக் கொப்பிகளுடனும் எம் இல்லத்துக்கு வந்தார். பையன் ஐந்தாந் தரத்திற் கற்கிறான்.

"மாஸ்டர், இவனை மொக்கன் என்று வகுப்பிலே சொல்லுகிறார்கள். சந்தைக் கணக்கெல்லாம் வாயாலேயே சொல்லுகிறான், புத்தகத்தை விரித்தால் அழுகிறான்" என்றார்.

கொப்பிகளைப் புரட்டினோம். ‘தேன்’ என்ற சொல்லிற் கொம்பு முன்னும் எழுத்துப் பின்னுமாக நிற்பதும், ஒலிக்கும்போது அம்முறை மாறுவதும் எமக்குப் பழகிப்போயின. அச்சிறுவனுக்கோ அவை வரிதோறும் கால் இடறும் கற்கள். கரும்பலகையைப் பார்த்தெழுதியதிற் பாதியைக் காணவில்லை. ஆயினும், நாம் வாய்மொழியாகக் கேட்ட கணக்குகளுக்குத் தடையின்றி விடை தந்தான்.

எமக்கு நெஞ்சு சுட்டது. ஆசிரியத் தொழிலின் தொடக்கக் காலத்தில், அழைத்தும் திரும்பாத ஒரு மாணவனைத் திமிர் பிடித்தவனென்று கருதிக் கடைசி வாங்குக்கு அனுப்பினோம். அவனுக்கு ஒரு காது கேளாது என்பது ஆண்டிறுதியிலேதான் தெரியவந்தது. அவன் ஓராண்டுக் கல்வியை இழந்தது எம் அவசரத்தால்.

ஆகவே, அத்தாயாருக்குக் கூறியவற்றை இங்குங் கூறுகிறோம். முதலிற் கண்ணையும் காதையும் பரிசோதிப்பியுங்கள். அவற்றிற் குறையில்லையெனின், குழந்தைநல வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். அடுத்து, அதிபருக்குக் கடிதம் எழுதுங்கள். ‘படிப்பு ஏறவில்லை’ என்று பொதுப்பட எழுதாது, எதில் இடர்ப்படுகிறான், எதை நன்கு செய்கிறான் என்பவற்றைக் குறிப்பிடுங்கள். திகதியிட்டுப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலையால் இயலாதெனின், வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியை நாடுங்கள்.

கேட்க வேண்டியவை பெரியன அல்ல: முன்வாங்கில் ஓரிடம், சிறு பகுதிகளாகப் பிரித்த பாடம், வாய்மொழிச் சோதனை, எழுதுவதற்குச் சற்றுக் கூடிய நேரம். பொதுப்பரீட்சைகளிலும் தேவையுடையோருக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகின்றது. உரிய காலத்தில் அதிபர் மூலம் விண்ணப்பித்தல் வேண்டும்.

இது யாசகமன்று. உடல், உளக் குறைபாடு காரணமாக எவரையும் கல்வி நிறுவனத்திற் சேர்ப்பதில் வேறுபடுத்தலாகாது என்பது 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. வகுப்பறையில் இடங்கொடுத்துவிட்டுக் கற்பியாதிருந்தால் அது கல்வியாகுமா?

யாவற்றையுங் கேட்ட தாயார் தயங்கினார். "விசேட கல்வி என்று பெயர் வந்தால், நாளைக்கு இவனுடைய அக்காவுக்குக் கலியாணம் பேசும்போது ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

அவ்வச்சத்தைக் கண்டு நாம் நகைக்கவில்லை. அது ஊரார் அவர் தலையில் ஏற்றிய சுமை. "மொக்கன் என்ற பெயர் வந்துவிட்டதே அம்மா, அதை எப்போது நீக்கப்போகிறோம்?" என்று மட்டும் கேட்டோம்.

சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர்க் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, எம்மிடம் பேனை கேட்டார். அவர் எழுதுவதைப் பையன் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆசிரிய நண்பர்களே, நாளை திங்கட்கிழமை. வகுப்பிற் புகுந்ததும் கடைசி வாங்கை ஒருமுறை நோக்குவோமாக.