மறிச்சு நின்னா அழுகுணி ஆட்டமா?

நேத்து ராத்திரி நண்பர் ஒருத்தரோட போன்ல செம சண்டை. விஷயம் சினிமாவோ அரசியலோ இல்லை மக்களே, பாய்மரப் படகு! 2000 சிட்னி ஒலிம்பிக்ல பிரிட்டனோட பென் ஐன்ஸ்லி லேசர் பிரிவில் தங்கம் வாங்கினது அழுகுணி ஆட்டமாம். அண்ணாத்தையோட தீர்ப்பு.

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் முன்கதை. லேசர்ங்கிறது தனி ஆளா ஓட்டுற குட்டிப் படகு. நாலு மீட்டர் சொச்சம் நீளம், ஒரே ஒரு பாய். எல்லாருக்கும் ஒரே மாதிரி படகுதான், அதனால 'அவன் படகு ஒசத்தி'ன்னு புலம்ப முடியாது. ஒரு தொடரில் பல ரேஸ். முதலிடத்துக்கு 1 புள்ளி, ரெண்டாமிடத்துக்கு 2, இப்படியே போகும். யாருக்குக் குறைச்சலான புள்ளியோ அவருக்குத் தங்கம். ரொம்ப சொதப்பின ரேஸைக் கணக்குல இருந்து கழிச்சுக்கலாம். இந்தக் கழிவுலதான் வில்லங்கமே.

கடைசி ரேஸுக்கு முன்னால பிரேசிலோட ராபர்ட் ஷைட் முன்னிலை. ஐன்ஸ்லிக்குத் தான் முதல்ல வரணும்கிற கட்டாயமே இல்லை. ஷைட் ரொம்பப் பின்னாடி வந்தா போதும். மனுஷன் என்ன பண்ணினார்? ஷைட்டை நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டார். காத்து வர்ற பக்கமா போய் அவர் பாய்க்குக் காத்தே கிடைக்காம மறிச்சார். மத்த படகெல்லாம் முன்னாடி போயாச்சு, இவங்க ரெண்டு பேர் மட்டும் பின்னாடி மல்லுக்கட்டிக்கிட்டு. பொறுமை இழந்த ஷைட், ஐன்ஸ்லி படகுமேல மோதி, தகுதி நீக்கம் ஆனார். ஐன்ஸ்லிக்குத் தங்கம், ஷைட்டுக்கு வெள்ளி.

இதுல அழுகுணி எங்கே வந்துச்சு? மோதினது யார்? வழிவிடும் விதியை மீறாத வரைக்கும், தன்னோட தொடர் நிலைக்கு உதவும்னா எதிராளியைப் பின்னுக்குத் தள்ளலாம்னு அந்த விளையாட்டே சொல்லுது. தங்கம் தர்றது மொத்தக் கணக்குக்கு. அப்புறம் கணக்குப் பார்த்து ஆடினா மட்டும் குத்தமா?

1996ல சவானாவுல நடந்ததை நண்பர் வசதியா மறந்துட்டார். அட்லாண்டா ஒலிம்பிக்கோட படகுப் போட்டி அங்கேதான். அப்பவும் கடைசி ரேஸ், அப்பவும் ஷைட் முன்னிலை. ஷைட் சிக்னலுக்கு முன்னாடியே கோட்டைத் தாண்ட, 19 வயசுப் பையன் ஐன்ஸ்லியும் பின்னாடியே தாண்ட, ரெண்டு பேரும் அவுட். தங்கம் ஷைட்டுக்கு. நாலு வருஷம் கழிச்சுப் பையன் பாடத்தை ஒப்பிச்சான், அவ்ளோதான்!

இன்னொண்ணு. 2019ல அஸ்வின் நான்-ஸ்ட்ரைக்கர் பக்கம் பட்லரை ரன் அவுட் பண்ணினப்போ, 'விதியில இருக்குல்ல'ன்னு ஊரையே எதிர்த்து வரிஞ்சுகட்டிக்கிட்டு நின்னவர் இதே நண்பர்தான். நம்ம சேப்பாக்கத்துக்காரருக்கு ஒரு நியாயம், வெள்ளைக்காரனுக்கு ஒரு நியாயமா சாமி?

பார்க்க அழகா இருந்துச்சான்னு கேட்டா, இல்லைதான். ரேஸ் பார்க்க வந்தவன் பின்வரிசையில் ரெண்டு படகு முட்டிக்கிறதையா பார்க்கணும்? அதுக்குக் கணக்கு முறையைத் திட்டுங்க, ஓட்டினவரை ஏன் திட்டணும்? 2008 பெய்ஜிங்ல இருந்து கடைசி ரேஸ் முதல் பத்து பேருக்கு மட்டும், புள்ளி ரெண்டு மடங்கு, கழிக்கவும் முடியாதுன்னு மாத்தினாங்க. அப்பவும் மறிக்கக் கூடாதுன்னு யாரும் எழுதி வைக்கலை.