பழுது நாடும் முறைமை

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது)

மனிதன் கையாளும் பொருள் எதுவாயினும் அஃது என்றேனும் ஒருநாள் பழுதுறுதல் இயல்பு. ஏர் முறிதலும், ஏற்றச்சால் ஒழுகுதலும், கடிகாரம் நின்றுபோதலும் நம் முன்னோர் கண்டவையே. பழுதுறுதல் குற்றமன்று, பழுதை நாடும் முறையறியாது, கண்டதைத் திருகி, காணாததைப் பழித்து, முடிவில் நன்றாயிருந்ததையும் கெடுத்துவிடுதலே குற்றமாம். அம்முறைமையைப் பொறியியற் கல்லூரியில் மட்டுமே கற்க இயலும் என்பர் பலர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் எம் வீட்டுக் கணினியில் புதிதாகப் பொருத்திய வெப்கேமரா ஒன்று அவ்வெண்ணத்தை அடியோடு மாற்றிற்று. அதனை ஈண்டு எடுத்துரைத்து, அதன்வழி என் கருத்தொன்றை நம் கல்லூரி அன்பர்கள்முன் வைக்க விழைகின்றேன்.

முதற்கண் இக்கருவியின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். 1991-ஆம் ஆண்டில், இங்கிலாந்து தேசத்துக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணினி ஆய்வுக்கூடத்தில், ட்ரோஜன் அறையை அடுத்து ஒரு காப்பிக் குடுவை இருந்தது. தொலைவான அறைகளிலிருந்து நடந்து வந்து, குடுவை வெறுமையாயிருக்கக் கண்டு ஏமாந்து திரும்பிய ஆராய்ச்சியாளர், அக்குடுவையின்முன் ஒரு கேமராவை நிறுத்தி, அதன் படம் தத்தம் கணினியில் தோன்றுமாறு செய்தனர். 1993-ஆம் ஆண்டில் அப்படம் உலகளாவிய வலையிலும் ஏறிற்று. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் அக்கேமரா நிறுத்தப்பட்டது. ஒரு குவளைக் காப்பியின்பொருட்டுத் தோன்றிய கருவி, இன்று கடல்கடந்த மக்களின் முகங்களை இல்லந்தோறும் கொணர்கின்றது.

தொடக்க காலத்தில் ஒவ்வொரு கேமராவுக்கும் அதனதன் டிரைவர் என்னும் இயக்குநிரலைத் தட்டிலிருந்து கணினியில் ஏற்றுதல் வேண்டியிருந்தது. 2003-ஆம் ஆண்டில் யூ.எஸ்.பி. கேமராக்கள் அனைத்துக்கும் பொதுவானதொரு விதி வகுக்கப்பட்டது. அதனைப் பின்பற்றும் கேமராக்கள் இந்நாளில் பொருத்திய அளவிலேயே இயங்குகின்றன. ஆகவே, இயங்காதபோது நமக்குத் திகைப்பு மிகுகின்றது, திகைப்பு சினமாகின்றது, சினம் நம்மைத் தவறான செயலுக்குத் தூண்டுகின்றது.

நிற்க. என் தமக்கையார் இங்கிலாந்தில் செவிலியாகப் பணிபுரிகின்றார். அவர்க்கு முதற்குழந்தை பிறந்தது. கொள்ளுப்பேரனைக் காணவேண்டும் என்பதே எம் பாட்டியாருடைய ஒரே வேட்கை. கைப்பேசியின் சிறு திரையில் அவர்தம் மங்கிய கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. "என்ன ஐயா, வெள்ளையா என்னமோ அசையுது, பிள்ளை முகம் தெரியலையே" என்று கூறிக் கைப்பேசியைத் திருப்பித் தந்துவிடுவார். ஆகலின், கூடத்தில் இருக்கும் கணினியின் பெருந்திரையில் குழந்தையைக் காட்டவும், பாட்டியாரைத் தமக்கையார் காணவும் வெப்கேமரா ஒன்று வாங்கினோம். பொருத்தினோம். பேசும் செயலியைத் திறந்தால், 'கேமரா காணப்படவில்லை' என்ற அறிவிப்பே தோன்றிற்று.

அடுத்த மூன்று நாள்களும் எம் இல்லத்தில் நடந்தவற்றை எண்ண இப்பொழுது நாணுகின்றேன். மாமா அவர்கள் எங்கெங்கோ தேடி இரண்டு மூன்று டிரைவர்களை ஏற்றினார். யான் கம்பியைக் கணினியின் பின்புறத்து வாயில் ஒருமுறை மாற்றிச் செருகினேன்; பேசும் செயலி அப்பொழுதும் மறுக்கவே, 'பிழை இங்கில்லை' என்று முடிவுகட்டி, பழைய இடத்திலேயே செருகிவிட்டேன். கடைக்காரர் பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரைத் தூற்றினோம். முடிவில் கணினி பழுதுபார்ப்பவர் ஒருவரை அழைத்தோம். அவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "அம்மா, சிஸ்டத்தை ஃபார்மட் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார். வட்டிலுள்ளவை அனைத்தையும் அழித்துப் புதிதாக எழுதுதல் என்பது அதன் பொருள். யான் சரியென்று தலையசைத்துவிட்டேன்.

அப்பொழுது அம்மா அடுக்களையிலிருந்து வந்து, "தாத்தா எழுதி வைத்த சொற்கள் என்னாகும்?" என்று கேட்டார்கள்.

பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்ற எம் பாட்டனார், தம் இறுதி ஆண்டுகளில், திருநெல்வேலிச் சீமையின் பேச்சுவழக்குச் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதி, அக்கணினியில் தம் கையாலேயே தட்டச்சிட்டு வைத்திருந்தார். அதற்கு வேறு படி கிடையாது. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் யான் அதனை மறந்தேன். தமிழ் இலக்கணம் பயிலாத என் தாயார் மறக்கவில்லை. வந்தவரை வணக்கத்துடன் அனுப்பிவிட்டு, அன்றிரவே அத்தொகுதியை வேறொரு நினைவகத்திற் படியெடுத்தேன். பின்னரே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் கணினியின்முன் அமர்ந்தேன்.

எம் வகுப்பில் மூலபாட ஆராய்ச்சி பற்றிப் பாடம் நடந்த காலம் அது. சீவகசிந்தாமணியை 1887-ஆம் ஆண்டில் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்கள், ஏட்டில் ஒரு சொல் பொருந்தாவிடின் உடனே அதனை அடித்துத் தம் மனம் போனவாறு எழுதினாரல்லர். கிடைத்த பிரதிகளை ஒப்புநோக்கி, பிழை எங்கு நுழைந்தது என்று நாடினார். பிரதியைத் திருத்துமுன் பிழையின் இடத்தைக் காண்க என்பதே அம்முறையின் உயிர். இதனையே கணினிக்கும் பொருத்தினாலென்ன என்று தோன்றிற்று.

கேமராவின் முன்னிருக்கும் முகம் மறுகரையிலுள்ள திரையை அடையுமுன் பல வாயில்களைக் கடக்கின்றது. முதலாவது, கருவியின் உடல்: வில்லையின் மூடி, கம்பி, செருகும் வாய், மின்னாற்றல். இரண்டாவது, கணினி அதனை அறிந்துகொள்ளுதல். மூன்றாவது, கணினியோடு வந்த எளிய கேமராச் செயலியில் படம் தோன்றுதல். நான்காவது, பிற செயலிகளுக்கு அளிக்கப்பட்ட அனுமதி. ஐந்தாவது, பேசும் செயலிக்குள் எக்கேமரா தெரிவு செய்யப்பட்டுள்ளது, வேறொரு செயலி அதனைப் பிடித்து வைத்துள்ளதா என்பன. ஆறாவது, அறையின் ஒளி. யாங்கள் செய்த பிழை யாதெனின், ஐந்தாம் வாயிலில் நின்றுகொண்டே முதல் வாயிலைத் தட்டியதாம்.

ஒவ்வொன்றாக நோக்கினேன். டிவைஸ் மேனேஜர் என்னும் பட்டியலில் கேமராவின் பெயரே இல்லை. எனவே, டிரைவரையோ செயலியையோ அதுகாறும் குறைகூறியது வீண். கேமரா செருகப்பட்டிருந்த இடத்தை நோக்கினேன். நான்கு வாய்களையுடைய, தனக்கெனத் தனி மின்னிணைப்பில்லாத ஒரு ஹப் அது. அதிலேயே விசைப்பலகையும், சிறு ஒலிபெருக்கியும், அம்மாவின் கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பியும் செருகப்பட்டிருந்தன. யூ.எஸ்.பி. 2.0 வாய் ஒன்று அளிக்கக் கடமைப்பட்ட மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர் மட்டுமே. அதனை நால்வர் பங்கிட்டால் கடைசியில் வந்தவன் பட்டினி கிடப்பான். கேமராவைப் பின்புறத்து வாயில் நேரே செருகினேன். பட்டியலில் அதன் பெயர் தோன்றிற்று. கேமராச் செயலியில் என் முகமும் தோன்றிற்று!

ஆயினும், பேசும் செயலி முன்போலவே மறுத்தது. ஈண்டு அன்பர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முன்னரும் யான் இவ்வாறே கம்பியை மாற்றினேன். பயனில்லை என்று திரும்பவும் ஹப்பிலேயே செருகினேன். பழுது ஒன்றாயின் நேரே பிடிபடும். இரண்டாயின், ஒன்றைத் தீர்த்த அளவில் விளைவு வெளிப்படாது. தீர்த்ததையும் நாமே கலைத்துவிடுவோம். ஆகலின், இறுதிப் பயனை மட்டும் நோக்காது, ஒவ்வொரு வாயிலிலும் நின்று, 'இதுவரை வந்ததா?' என்று வினவுதல் வேண்டும். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதலும், மாற்றியதை எழுதி வைத்தலும் இதன்பாற்படும்.

மூன்றாம் வாயில்வரை பழுதில்லை என்பது தெளிவாதலின், நான்காவதை நாடினேன். விண்டோஸின் அமைப்புகளில், தனியுரிமை என்னும் பகுதியில் கேமராவுக்கென ஒரு பக்கம் உண்டு. செயலிகள் கேமராவை அணுகலாமா என்பது ஒரு பொத்தான். டெஸ்க்டாப் செயலிகள் அணுகலாமா என்பது மற்றொன்று. முன்னது திறந்திருந்தது, பின்னது மூடப்பட்டிருந்தது. மூடியவர் யாவர்? மாமாவுமல்லர், கடைக்காரருமல்லர். கேமராவின் வழியே கள்வர் வீட்டிற்குள் நோக்குவர் என்று எங்கோ படித்து அஞ்சி, ஓராண்டுக்கு முன்னர், கேமராவே இல்லாத காலத்தில், அதனை மூடியவன் யானே! மூன்று நாள் பிறர்மீது சுமத்திய பழியை அன்றிரவு யானே சுமந்தேன். மறுநாள் கடைக்குச் சென்று உண்மையைச் சொல்லிப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டபோது, அவர் சிரித்து ஒரு குவளைத் தேநீர் தருவித்தார்.

படம் வந்தபின்னும் ஒரு சிறு குறை நின்றது. முகத்தின் குறுக்கே கருங்கோடுகள் மெல்ல ஊர்ந்தன. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று உடையது. அதனால் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். கேமராவோ 60 சுற்று வழங்கும் நாடுகளுக்குப் பொருந்துமாறு அமைக்கப்பட்டிருந்தது. அவ்வெண்ணை 50 என மாற்றியதும் கோடுகள் மறைந்தன. சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் இருளும் என்பதறிந்து, பாட்டியாரின் நாற்காலியைத் திருப்பிப் போட்டோம்.

இனி, என் கருத்தைக் கூறுவாம். "இவை தொழிலறிந்தார்க்கு உரியன, இலக்கிய மாணவனுக்கு இவற்றால் ஆவதென்?" என்று வினவுவாரும் உளர். அவர்க்கு என் விடை இது. அன்றிரவு எனக்கு உதவியது கணினிக் கல்வியன்று. ஐயத்தைக் கூறுபடுத்தி, சான்றை நாடி, பிழையின் இடத்தை ஒடுக்கிக் காணும் பயிற்சியே. அஃது இலக்கிய மாணவனுக்கும் மருத்துவ மாணவனுக்கும் பொதுச்சொத்து. வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவர்க்கு வகுத்ததும் இவ்வொழுங்கே. அதனைப் புத்தகத்தில் மட்டும் போற்றி, வீட்டுக் கூடத்தில் கைவிடுதல் கற்றார்க்கு அழகன்று.

அன்றியும், மீளக்கூடிய முயற்சிகள் யாவும் தீருமுன் மீளாத செயலைச் செய்தலாகாது. கம்பியை மாற்றினால் மீண்டும் மாற்றலாம். பொத்தானைத் திறந்தால் மீண்டும் மூடலாம். அழித்த எழுத்தை மீட்டல் அரிது. 'எல்லாவற்றையும் அழித்துவிட்டால் சரியாகிவிடும்' என்பது சில வேளைகளில் மெய்யே. ஆயின், பழுது யாதென்று அறியாமலே அது போய்விடுகின்றது, அதனோடு நம் பாட்டனாரின் சொற்களும் போய்விடுகின்றன. வட்டை அழிக்குமுன் அதில் யாருடைய உழைப்பு உறங்குகின்றது என்று வினவுதல் நம் கடமை. எம் பொறிகளைத் தொடும் பழுதுபார்ப்போரும் அவ்வினாவை முதலில் எழுப்புவாராயின் நலம்.

இது காரணமாக, நம் கல்லூரியார்க்குப் பணிவானதொரு வேண்டுகோள் விடுக்கின்றேன். ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு மாலை, எத்துறை மாணவரும் வந்து, வீட்டுக் கணினியின் எளிய பழுதுகளை நாடும் முறையைத் தமிழிலேயே கேட்கவும், தம் கையாற் செய்து பார்க்கவும் ஏற்பாடு செய்வாராக. அறிவியல் துறை மாணவர் கற்பிக்கட்டும். அவர் கூறுவதை யாவர்க்கும் விளங்கும் தெளிவான நடையில் எழுதித் தரும் தொண்டினைத் தமிழ் மாணவராகிய யாம் ஏற்போம். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தம் தெருவில் உள்ள நாலு வீட்டுக்கேனும் அவ்வறிவைக் கொண்டு செல்லலாம். மக்களைக் கடல்கடந்து அனுப்பிவிட்டுத் திரைமுன் காத்திருக்கும் முதியோர் நம் ஊர்களில் சிலரல்லர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, அங்கே நண்பகல் வேளையில், தமக்கையார் குழந்தையைத் தூக்கித் திரையில் காட்டினார். பாட்டியார் நாற்காலியை விட்டெழுந்து, திரையருகே சென்று, நெடுநேரம் நோக்கி, "ஏ ஐயா, இது உன் தாத்தா மூக்குலா!" என்றார். அவ்விறுதி 'லா' பாட்டனாரின் தொகுதியில் இடம்பெற்றிருக்கின்றதா என்று அன்றிரவு தேடினேன். இருந்தது, 'அல்லவா என்பதன் குறுக்கம், உவகையிலும் வியப்பிலும் வரும்' என்று பொருளும் எழுதியிருந்தார்.