அமெரிக்காவைச் சிரிக்க வைத்த எவர்சில்வர் வண்டி!

அமெரிக்காவின் சாலைகளில் ஒரு விசித்திர வண்டி ஓடுகிறது. அதற்கு வளைவு கிடையாது, நெளிவு கிடையாது, பெயிண்டும் கிடையாது. எவர்சில்வர் தகட்டை ஸ்கேல் வைத்து மடித்து, கீழே நாலு சக்கரம் மாட்டியது போல் இருக்கும்.

அதன் பெயர் சைபர்டிரக். மின்சாரத்தில் ஓடுவது. டெஸ்லா கம்பெனியின் தயாரிப்பு. அந்தக் கம்பெனியின் தலைவர் எலான் மஸ்க்.

"குப்பைத் தொட்டி மாதிரி இருக்கிறது" என்றார்கள் சிலர். "குழந்தை வரைந்த கார்!" என்றார்கள் வேறு சிலர். "எதிர்கால உலகமே இறங்கி வந்துவிட்டது!" என்று கைதட்டியவர்களும் உண்டு.

லட்சக்கணக்கில் விற்கும் என்றார்கள். அப்படி விற்கவில்லை. இதற்கு அதன் கோணல் உருவம்தான் காரணமா? பார்ப்போம்.

பிக்-அப் என்பது என்ன?

முன்னால் ஆட்கள் உட்கார அறை. பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. இதுதான் பிக்-அப் வண்டி. போர்டு கம்பெனி 1925-லேயே இதைத் தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கியது.

அமெரிக்க விவசாயிக்கும், தச்சருக்கும், கொத்தனாருக்கும் இது கை கால் போன்றது. வாரத்தில் ஆறு நாள் மரமும் சிமெண்டும் ஏற்றும். ஏழாம் நாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும். போர்டு கம்பெனியின் 'எப்' வரிசைப் பிக்-அப் வண்டிகள் 2024-ல் மட்டும் அமெரிக்காவில் 7 லட்சத்துக்கு மேல் விற்றன.

இப்படி வீட்டோடு ஒட்டிப்போன ஒரு வண்டியின் உருவத்தை அடியோடு மாற்றினால், ஜனங்கள் பேசாமல் இருப்பார்களா?

கண்ணாடி உடைந்த இரவு

2019 நவம்பர் 21. லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பக்கத்தில் ஒரு மேடை. மஸ்க் வண்டியை அறிமுகம் செய்தார். வண்டியை வடிவமைத்த பிரான்ஸ் வான் ஹோல்ஷாசன், பெரிய சம்மட்டியால் கதவை ஓங்கி அடித்தார். கதவு நசுங்கவில்லை. ஒரே கரகோஷம்!

அடுத்து, "இந்தக் கண்ணாடி உடையாது" என்று சொல்லி, ஓர் இரும்புக் குண்டை எறிந்தார். கண்ணாடி விரிசல் விட்டது. பின் ஜன்னலில் எறிந்தார். அதுவும் விரிசல் விட்டது. உலகம் முழுவதும் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தது. மறுநாள் பங்குச் சந்தையில் டெஸ்லா பங்கின் விலை சுமார் 6 சதவிகிதம் இறங்கியது.

ஆனால் ஒரு வேடிக்கை. ஒரு பக்கம் சிரிப்பு, மறுபக்கம் முன்பதிவு! 100 டாலர் கட்டினால் பெயர் பதியலாம். வேண்டாம் என்றால் பணம் திரும்பக் கிடைக்கும். சில நாட்களில் 2 லட்சம் பேர் பதிந்துவிட்டார்கள் என்று மஸ்க் அறிவித்தார்.

ஆகவே, உருவம் எல்லோரையும் விரட்டிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

ஏன் இந்தக் கோணல்?

இந்த உருவத்துக்குச் சினிமா ஒரு காரணம். 1982-ல் வந்த 'பிளேடு ரன்னர்' படம் தம்மைத் தூண்டியது என்று மஸ்க் சொன்னார்.

மற்றொரு காரணம் உலோகம். சாதாரணக் கார்களின் தகட்டைப் பெரிய அச்சில் வைத்து அழுத்தினால், வேண்டிய வளைவு கிடைத்துவிடும். இந்த எவர்சில்வர் தகடோ மிகக் கடினமானது. அச்சுக்கு எளிதில் மசியாது. நேர்க்கோட்டில் மடிப்பதே சுலபம். அதனால்தான் எங்கு பார்த்தாலும் தட்டை, எங்கு பார்த்தாலும் விளிம்பு.

வண்டியில் நல்ல அம்சங்களும் உண்டு. பின் சக்கரங்களும் திரும்புவதால் குறுகலான இடத்திலும் வளைத்து ஓட்டலாம். சுமார் 5 டன் பாரத்தை இழுக்கும். கரண்ட் நின்றால், தன் பாட்டரியிலிருந்து வீட்டுக்கே மின்சாரம் கொடுக்கும். 2024-ல் அமெரிக்காவில் அதிகம் விற்ற மின்சாரப் பிக்-அப் இதுதான்.

குறையும் உண்டு. பின் தொட்டியின் பக்கச் சுவர்கள் சரிவாக உயர்ந்து நிற்கின்றன. பக்கத்தில் நின்று கையை விட்டு ஒரு சாமானை எடுப்பது சிரமம். தினமும் பத்துத் தடவை தொட்டிக்குள் கைவிடும் தச்சருக்கு இது சின்ன விஷயமா?

அன்று சிரித்த வண்டிகள்

வண்டியைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பது புதிதல்ல.

1948-ல் பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோயென் கம்பெனி '2 சி.வி.' என்ற சிறு காரைக் காட்டியது. தகர டப்பா என்று கேலி செய்தார்கள். ஆனால் அது கிராமத்து விவசாயிக்காகவே செய்த கார். 50 கிலோ உருளைக்கிழங்கை ஏற்ற வேண்டும்; உழுத நிலத்தில் ஓடினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது; விலையும் மலிவாக இருக்க வேண்டும். இதுதான் திட்டம். சொன்னபடி செய்தார்கள். கேலி அடங்கியது. ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். 1990 வரை 38 லட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று.

அதற்கு முன்பு, 1934-ல், அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி 'ஏர்புளோ' என்ற காரைக் கொண்டு வந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் உருண்டை உருவம். அதையும் கேலி செய்தார்கள். வண்டிகள் தாமதமாக வந்தன. முதலில் வந்தவற்றில் கோளாறுகள் இருந்தன. 1937-ல் அது நின்றுபோனது.

இரண்டும் கேலிக்கு ஆளான வண்டிகளே. சொன்னதைச் செய்த வண்டி பிழைத்தது.

சொன்ன விலையும் வந்த விலையும்

சைபர்டிரக் கதை என்ன? குறைந்த விலை 39,900 டாலர் என்று 2019-ல் சொன்னார்கள். 2021 கடைசியில் உற்பத்தி என்றார்கள். உயர்ந்த ரகம் ஒரு தடவை சார்ஜ் செய்தால் 500 மைலுக்கு மேல் ஓடும் என்றார்கள்.

முதல் வண்டிகள் கைக்கு வந்தது 2023 நவம்பர் 30-ல். அன்று அறிவித்த குறைந்த விலை 60,990 டாலர். ஒன்றரை மடங்கு! அந்த மலிவு ரகமும் பிறகுதான் வரும் என்றார்கள். அதிகபட்ச ஓட்டம் 340 மைல். கூடுதல் பாட்டரி வைத்தால் 470 மைல் ஓடும் என்று சொன்னார்கள். அந்தத் திட்டத்தையும் 2025-ல் கைவிட்டு, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நாலு வருஷம் காத்திருந்தவர் என்ன செய்வார்? 40,000 டாலருக்குக் கணக்குப் போட்டு வைத்த சாமானியக் குடும்பம், அந்தக் கணக்கை அழிக்க வேண்டியதுதான்.

கழன்ற தகடு

இவ்வளவு உறுதியான வண்டி என்றார்களே, அதிலும் ஒரு சோதனை. கூரை ஓரத்திலுள்ள எவர்சில்வர் பட்டையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். சில வண்டிகளில் பசை விட்டுப்போய், பட்டை கழன்றது. ஓடும் வண்டியிலிருந்து அது பறந்தால், பின்னால் வருகிறவர் கதி?

2025 மார்ச்சில் 46,096 வண்டிகளைப் பழுது பார்க்க அழைத்தார்கள். அதுவரை உற்பத்தியான வண்டிகள் ஏறக்குறைய அத்தனையும் இதில் அடக்கம். 2025-ல் ஆண்டுக்கு 2,50,000 வண்டிகள் என்ற அளவை எட்டுவோம் என்று மஸ்க் முன்பு சொல்லியிருந்தார். அதனோடு இதை ஒப்பிட்டால் நிலைமை விளங்கும்.

2024-ல் அமெரிக்காவில் சுமார் 39,000 வண்டிகள் விற்றன. 2025-ல் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மின்சாரப் பிக்-அப் சந்தையே மந்தமாக இருந்தது உண்மை. போர்டு கம்பெனியும் தன் மின்சாரப் பிக்-அப் உற்பத்தியை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

அரசியலும் புகுந்தது

2025 தொடக்கத்தில், ஜனாதிபதி டிரம்புக்காக அரசாங்கச் செலவைக் குறைக்கும் வேலையை மஸ்க் முன்னின்று நடத்தினார். பலர் வேலை இழந்தார்கள். ஜனங்களின் ஆத்திரம் டெஸ்லா கடைகள் மீது திரும்பியது. கடை வாசலில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. சில ஊர்களில் வண்டிகளுக்குத் தீயும் வைத்தார்கள்.

மற்ற டெஸ்லா கார்கள் கூட்டத்தில் மறைந்துகொள்ளும். சைபர்டிரக் எங்கே மறையும்? ஒரு மைல் தூரத்திலேயே தெரிந்துவிடுமே! மஸ்க்கைப் பிடிக்காதவர்கள் வண்டிக்காரரைத் திட்டினார்கள். முதலாளியின் அரசியலுக்கு, கடன் வாங்கி வண்டி வாங்கியவர் வசவு வாங்குவது என்ன நியாயம்? கடை வாசலில் நின்று கண்டனம் சொல்வது ஜனநாயகம். அடுத்தவர் வண்டிக்குத் தீ வைப்பது குற்றம்.

நடந்து போகிறவர் கேட்கும் கேள்வி

இவ்வளவு சத்தத்தில் ஒரு முக்கியமான கேள்வி அமுங்கிப் போயிற்று. வண்டிக்குள் இருப்பவரின் பாதுகாப்புக்கு அமெரிக்க அரசாங்கச் சோதனையில் இந்த வண்டி ஐந்து நட்சத்திரம் வாங்கியது. சரி, சாலையைக் கடக்கும் குழந்தைக்கு? கடினமான தகடு, கூரான விளிம்பு, மூன்று டன் எடை!

வண்டி மோதினால் நடந்து செல்பவருக்குக் காயம் குறைய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் கண்டிப்பான விதிகள் இருக்கின்றன. கூர்மையான விளிம்புகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. அந்தச் சந்தைக்கு டெஸ்லா இந்த வண்டியைக் கொண்டு போகவில்லை.

அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது. அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். சிரித்தவர்களும் கைதட்டியவர்களும் வண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலை என்ன, எத்தனை மைல் ஓடும், எந்தத் தகடு கழலும், எதிரே வருகிறவருக்கு என்ன ஆகும்? வீட்டுக்கு ஒரு சாமான் வாங்குகிற குடும்பத் தலைவி முதலில் கேட்கும் கேள்விகள் இவை. விற்பவர் பதில் சொல்ல வேண்டியதும் இவற்றுக்குத்தான்.