பூஜை விடுமுறையில் ஒரு நீதிமன்றம் கட்டுவோம்



புரட்டாசி முடிவிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ கொல்கத்தாவின் பள்ளிகள் பூஜை விடுமுறைக்காக அடைக்கப்படுகின்றன. அந்நாட்களில் இந்நகரத்தார் மூங்கிலும் துணியும் ஒட்டுப்பலகையும் கொண்டு உலகத்தின் புகழ்பெற்ற கட்டடங்களைத் தெருமுனைகளில் எழுப்பிவிடுகிறார்கள். 2021இல் ஸ்ரீபூமி சங்கத்தார் துபாயின் புர்ஜ் கலீஃபா கோபுரத்தைப்போல் ஒரு பந்தல் அமைத்தபோது ஜனத்திரள் அளவுகடந்து, கடைசியில் பார்வையாளருக்கு அதை அடைக்கும்படியாயிற்று. விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகள், "நாங்கள் இருபது பந்தல் பார்த்தோம், முப்பது பார்த்தோம்" என்று எண்ணிச் சொல்லுவார்கள். நம்முடைய பிள்ளைகள் பேசாமல் இருப்பார்கள்.

நாம் அனுப்புவதில்லை. அதன் காரணத்தை இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அண்டைவீட்டாரின் பண்டிகையை இகழ்வதும் நமக்குத் தகாது. என் கேள்வி வேறு. "போகாதே" என்று சொன்ன பிறகு தகப்பனும் தாயும் அடுத்து என்ன சொல்லுகிறார்கள்? அநேக வீடுகளில் அடுத்த வார்த்தை இல்லை. கதவு சாத்தப்படுகிறது, கையில் கைபேசி கொடுக்கப்படுகிறது, மத்தளச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டேயிருக்கிறது. கூடாது என்னும் சொல்லை மாத்திரம் கேட்டு வளரும் பிள்ளை, பதினெட்டு வயதில் வேலைக்கோ கல்லூரிக்கோ வேறு நகரம் போனதும், சபையையும் அந்தச் சொல்லோடு சேர்த்து வீட்டிலேயே விட்டுப்போகிறதை நாம் கண்டிருக்கிறோம்.

ஆகவே இந்த மாதம் ஒரு வேலையைச் சொல்லுகிறேன். பொம்மைச் செங்கற்களால், அதாவது நம் பிள்ளைகள் லெகோ என்று பொதுவாக அழைக்கும் கற்களால், இந்நகரத்தின் பழைய கட்டடம் ஒன்றைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கட்டுங்கள். பெட்டியில் படத்தோடு வரும் கட்டடம் வேண்டாம். தாஜ்மகாலை அந்த டென்மார்க் நிறுவனம் 2008இல் 5,922 துண்டுகள் கொண்ட பெட்டியாக வெளியிட்டது. விலையும் பெரிது, எந்தத் துண்டை எங்கே வைப்பது என்று புத்தகமே சொல்லிவிடுவதால் பிள்ளை யோசிக்க வேண்டிய இடம் குறைவு. நம்முடைய கட்டடத்துக்குப் புத்தகத்தை நாமே எழுத வேண்டும். அதற்கு முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

கட்டுவதற்கு ஏற்றது கொல்கத்தா உயர்நீதிமன்றம் என்பது என் எண்ணம். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டே நிறம் போதும். ஒரே அளவான வளைவுகள் வரிசையாக நிற்க, நடுவே ஒரு கோபுரம். ஒரு பகுதியைக் கட்டத் தெரிந்துவிட்டால் மீதியைத் திரும்பத் திரும்பக் கட்டலாம். ஞாயிறு ஆராதனை முடிந்து பிற்பகலில் போனால் அந்தப் பகுதியில் நெரிசல் இராது. ஹவுராப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு 2024இல் திறக்கப்பட்ட மகாகரண் மெட்ரோ நிலையம் வசதியானது. பிள்ளையின் கையில் ஒரு கோட்டு நோட்டும் பென்சிலும் கொடுத்து, சாலையின் எதிர்ப்புறத்தில் நிறுத்தி, எண்ணச் சொல்லுங்கள். கீழே எத்தனை வளைவு? மேலே எத்தனை சாளரம்? கோபுரத்துக்கு இடப்புறமும் வலப்புறமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா? பத்து ஆண்டுகளாகப் பேருந்தில் அந்த வழியே போய்வருகிற தகப்பனுக்கும் இதற்குப் பதில் தெரியாது.

அங்கே நிற்கும்போது சொல்லுவதற்கு ஒரு கதை உண்டு. இந்தக் கட்டடத்தை வால்டர் கிரான்வில் என்னும் கட்டடக்கலைஞர் வடிவமைத்தார், 1872இல் முடிந்தது. பொது அஞ்சல் நிலையமும் இந்திய அருங்காட்சியகமும் அவர் கைவேலைகளே. நீதிமன்றத்துக்கு அவர் மாதிரியாக வைத்துக்கொண்டது பெல்ஜியம் தேசத்தின் ஈப்ரே நகரிலிருந்த துணிவணிகர் மண்டபம். அது 1304இல் கட்டிமுடிக்கப்பட்டது; 125 மீட்டர் நீளமும் 70 மீட்டர் உயரமான மணிக்கோபுரமும் உடையது. முதல் உலகப்போரில், 1914 நவம்பரில், பீரங்கிக் குண்டுகளால் தீப்பற்றியது. போர் முடிந்தபோது இடிந்த சுவர்களே மிஞ்சின. அதைத் திரும்ப எடுப்பித்துக் கட்டும் வேலை பல பத்தாண்டுகள் நடந்து 1967இல்தான் நிறைவேறிற்று. அந்த வேலைக்காக ஈப்ரே நகரத்தார் கல்கத்தா நீதிமன்றத்தின் வரைபடங்களைக் கேட்டனுப்பினார்கள் என்று இந்நகரத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தாய்க்கட்டடம் அழிந்தபோது, கடல்கடந்து வந்த பிள்ளைக்கட்டடத்திடம் அதன் சாயல் இருந்தது! ஊரைவிட்டு வந்த குடும்பங்களில் இந்தக் கதை எனக்குத் தெரிந்தவரை உடனே புரிந்துகொள்ளப்படுகிறது.

இனிக் கட்டும் முறை. கற்களின் அளவு மில்லிமீட்டர் கணக்கில் ஒழுங்கானது: ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மில்லிமீட்டர், ஒரு கல்லின் உயரம் 9.6; தட்டையான துண்டு அதில் மூன்றில் ஒன்று, 3.2. ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விகிதக் கணக்குக் கற்பிக்க இதைவிட நல்ல வழி நான் அறியேன். ஈப்ரே மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். உண்மையில் 200 மீட்டர் இருப்பது மாதிரியில் 1 மீட்டராகும்படி சுருக்கினால், 125 மீட்டர் நீளம் 62.5 சென்டிமீட்டராகும், அதாவது 78 குமிழ். 70 மீட்டர் கோபுரம் 35 சென்டிமீட்டர். 36 கல் அடுக்கு. இதைப் பிள்ளையே கணக்கிடட்டும். நம்முடைய நீதிமன்றத்துக்கு அளவுநாடா தேவையில்லை: ஒரு வளைவுக்கு 4 குமிழ் என்று வைத்துக்கொண்டு, எண்ணி வந்த வளைவுகளால் பெருக்கினால் நீளம் கிடைத்துவிடும். வீட்டிலிருக்கும் கற்கள் அதற்குப் போதாவிட்டால் ஒரு வளைவுக்கு 3 குமிழ் என்று குறைத்துக்கொள்ளலாம்.

கற்கள் போதுமா என்று முதலிலேயே உட்கார்ந்து எண்ணுவது அவசியம். கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன உவமையைக் குடும்ப ஜெபத்தில் வாசிக்க இதுவே ஏற்ற நாள். விலை உயர்ந்த கற்கள் வேண்டுமென்பதில்லை. பராபஜார், கேனிங் தெருக் கடைகளில் உள்நாட்டுக் கற்களும் விற்கிறார்கள். ஆனால் இரண்டு வகையை வாங்கிக் கலக்குமுன் ஒன்றோடொன்று இறுகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். சபையில் நாலு வீட்டார் தங்கள் கற்களை ஒரே பெட்டியில் கொட்டினால் செலவே இல்லை.

சுவர் எழுப்பும்போது கொத்தனார் செய்வதையே செய்ய வேண்டும்: கீழ்வரிசையில் இரண்டு கற்கள் சேரும் இடத்தின்மேல் அடுத்த வரிசைக் கல் குறுக்கே உட்கார வேண்டும். இணைப்பின்மேல் இணைப்பு வந்தால் சுவர் நடுவே பிளக்கும். கூர்மையான வளைவுகளுக்கென்று தனித்துண்டு இல்லாவிட்டாலும், மேலே போகப்போக இருபுறக் கற்களையும் ஒவ்வொரு குமிழாக உள்ளே நீட்டி, நடுவில் ஒரே கல்லால் மூடிவிடலாம். சற்றுத் தூரத்தில் நின்று பார்த்தால் வளைவாகவே தோன்றும். சிறு துண்டுகள் இருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வேலையை மேசைமேல் வையுங்கள், தரையில் வேண்டாம்.

முன்பக்கம் முடிந்ததும் பிள்ளை ஒன்று கேட்கும்: "பின்பக்கம் சுவரோடு சேர்ந்துதானே இருக்கும், அதையும் கட்ட வேண்டுமா?" அப்போது இந்தக் கற்களை உலகத்துக்குக் கொடுத்தவரின் வீட்டுச் சம்பவத்தைச் சொல்லலாம். ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் தச்சர்; தேவபயமுள்ளவர். 1932இல், வேலைகள் அற்றுப்போன காலத்தில், மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அதே ஆண்டில் மனைவி மரித்து, நான்கு ஆண்பிள்ளைகளோடு விடப்பட்டார். அவருடைய மகன் காட்ஃபிரெட் ஒருநாள் மரவாத்துகளுக்கு மூன்றுமுறை பூச வேண்டிய மெருகை இரண்டுமுறை மாத்திரம் பூசி அனுப்பிவிட்டு, செலவு மிச்சம் பிடித்தேன் என்று தகப்பனிடம் மகிழ்ச்சியாய்ச் சொன்னான். தகப்பனோ அவனை ரயில் நிலையத்துக்கே திருப்பி அனுப்பி, பெட்டிகளை மீட்டுவந்து, இராமுழுவதும் உட்கார்ந்து மூன்றாம் பூச்சைப் பூசும்படி செய்தார். அந்த மகன்தான் பின்னாளில் பிளாஸ்டிக் கற்களை இறுகப் பிடிக்கும் வகையில் திருத்தி, 1958 ஜனவரி 28இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர். அந்தக் கற்களுக்கும் முன்மாதிரி ஒன்று உண்டு: இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் கிடிகிராஃப்ட் என்ற பெயரில் விற்ற பொம்மைச் செங்கல். அதைப் பார்த்தே இவர்கள் தொடங்கினார்கள்.

நீதிமன்றத்துக்குப் பதிலாக ஆலயத்தைக் கட்ட விரும்பும் வீட்டாரும் இருப்பார்கள். "ஆலயத்தைப் பொம்மையாகச் செய்து வைப்பது விக்கிரகமாகாதா?" என்று மூத்த விசுவாசி ஒருவர் கேட்கக்கூடும். வாடகை மண்டபத்திலும் மொட்டைமாடிக் கொட்டகையிலும் ஆராதித்து வந்த ஜனம் நாம். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் மகிமை கொடுக்கிற பழக்கம் நமக்கு வந்ததில்லை. வணங்கப்படாத ஒன்று விக்கிரகமாகாது. அதைப்பற்றி இவ்வளவு போதும்.

அப்படிக் கட்டுகிறவர்களுக்கு நான் காட்டுவது மிஷன் ரோ தெருவிலுள்ள பழைய மிஷன் ஆலயம். தெருவுக்கு இப்போது ஆர்.என். முகர்ஜி சாலை என்று பெயர். கொல்கத்தாவின் மிகப் பழைய புராட்டஸ்டண்ட் ஆலயம் இதுவே. செங்கல் நிறத்தால் ஜனங்கள் இதை லால் கிர்ஜா என்றார்கள். கட்டியவர் யோவான் சகரியா கீர்நாந்தர், சுவீடன் தேசத்து மிஷனரி. இவர் வங்காளத்துக்கு நேராக வந்தவரல்லர். 1740இல் நம்முடைய கடலூருக்கு வந்து, தமிழ் கற்று, பதினெட்டு ஆண்டுகள் அங்கே ஊழியம் செய்தார். 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்தபோது எல்லாவற்றையும் இழந்து, அதே ஆண்டில் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். ஆக, தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க இடம் தேடி இந்நகரத்துக்கு வந்தவர்களின் வரிசையில் அவரும் ஒருவர். 1767இல் ஆலயத்தைத் தொடங்கி 1770இல் முடித்தார்; பெரும்பகுதி அவருடைய சொந்தப் பணம். எபிரெய மொழியில் ஜெபவீடு என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார்.

கதையின் மறுபாதியையும் மறைக்காமல் சொல்லுங்கள். மகனுடைய கட்டடத் தொழிலின் கடன்களுக்குப் பொறுப்பேற்று, 1787இல் கீர்நாந்தர் திவாலானார். கடன்காரர்களுக்காக ஆலயமே ஏலத்துக்கு வர இருந்தது. சார்லஸ் கிராண்ட் என்னும் கம்பெனி அதிகாரி 10,000 ரூபாய் கொடுத்து அதை மீட்டு, ஆராதனைக்கென்றே ஒப்புவித்தார். முதிர்வயதில் கீர்நாந்தர் டச்சுக்காரரின் சின்சுராவில் குருவாக இருந்து, 1799இல் மரித்தார். செலவைக் கணக்குப் பார்ப்பதைப்பற்றிய உவமையை வாசித்த வீட்டில் இந்த வரலாற்றையும் சொன்னால், பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பெற்றோர் சற்று ஆயத்தப்பட வேண்டியிருக்கும். நல்லவர் ஏன் கடனாளியானார்? கட்டியவர் கையைவிட்டுப் போன ஆலயம் எப்படி நிலைத்தது? உங்கள் பிள்ளை பதிலை உடனே ஏற்றுக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். கையில் கல் இருக்கும்போது கேட்டது மனதில் கிடக்கும்.

லேக் மார்க்கெட் பக்கத்தில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், "இது நம் ஊர் அல்ல" என்ற பேச்சை நான் கேட்டிருக்கிறேன். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின நிருபம், 29ஆம் அதிகாரம், அந்தப் பேச்சுக்கு இடங்கொடுப்பதில்லை. அந்நிய பட்டணத்திலே வீடு கட்டிக் குடியிருக்கவும், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கவும் அது சொல்லுகிறது. பெயர் தெரியாத தெருவுக்காக ஜெபிப்பது கடினம். தன் கையால் சாளரம் சாளரமாக எண்ணிக் கட்டின கட்டடம் நிற்கும் தெருவுக்காகப் பிள்ளை எளிதாய் ஜெபிக்கும். பள்ளி திறந்ததும், பந்தல் எத்தனை பார்த்தாய் என்று கேட்கும் தோழனிடம், "உயர்நீதிமன்றத்துக்கு எத்தனை வளைவு, சொல் பார்ப்போம்" என்று திருப்பிக் கேட்கவும் கூடும். சில நேரங்களில் அந்தத் தோழன் வீட்டுக்கு வந்து பார்ப்பான். தேநீரும் முறுக்கும் வைத்திருங்கள்.

ஊருக்குப் போகும் மே மாதத்துக்கும் ஒரு வேலை உண்டு. கொல்கத்தாவில் டல்ஹௌசி சதுக்கத்தின் மூலையில் 1818இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயம் நிற்கிறது. சென்னை எழும்பூரில் அதே பெயரில் 1821இல் முடிக்கப்பட்ட ஆலயம் இருக்கிறது. இரண்டுக்கும் மாதிரி லண்டன் நகரத்தின் புனித மார்ட்டின் ஆலயம். ஆனால் எழும்பூர் ஆலயத்தை இளகிய களிமண் நிலத்தில் கிணறுகள் இறக்கி அஸ்திபாரமிட்டு, நடுவே வட்டமாகக் கட்டியிருக்கிறார்கள். சென்னையில் இறங்கினதும் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய், முகப்பின் தூண்களை எண்ணி அதே கோட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சதுரக் கற்களால் வட்டமான சுவர் கட்டுவது எப்படி என்று யோசிக்க அடுத்த பூஜை விடுமுறைவரை அவர்களுக்கு நேரமிருக்கிறது.