ப்ரோக்கோலி சாலட் நம்ம சாப்பாடு இல்லையாம்!

பொங்கல் லீவு. நிலக்கோட்டையில் ஒரு வீட்டில் சொந்தமெல்லாம் கூடியிருக்கிறது. ஒருத்தரே அடுப்படியில் கிடந்து வேக வேண்டாம், ஆளுக்கு ஒன்று செய்து எடுத்து வரலாம் என்று ஏற்பாடு. பெரியம்மா வீட்டுப் புளியோதரை, சித்தி வீட்டு முட்டைக்கோஸ் பொரியல், அத்தை வீட்டு சவ்சவ் கூட்டு. கடைசியாக, நியூஜெர்சியில் வளர்ந்த பேத்தி ஒரு டப்பாவைத் திறக்கிறாள். உள்ளே ப்ரோக்கோலி சாலட்.

"ஏத்தா, இது என்ன ஆட்டுக்குப் போடுற தழையா?" என்கிறார் அப்பத்தா. இது பாசத்தில் வரும் கேலி, விட்டுவிடலாம். அடுத்து வருகிறார் ஒரு மாமா. "இதெல்லாம் நம்ம சாப்பாடே இல்லம்மா. வெள்ளைக்காரன் தீனி" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, முட்டைக்கோஸ் பொரியலில் இன்னொரு கரண்டி வைத்துக் கொள்கிறார்.

இந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் இப்படி ஒரு மாமா இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா? அவருடைய வாதத்தைக் கொஞ்சம் பிரித்து மேய்வோம்.

முதல் வாதம்: ப்ரோக்கோலி அந்நியக் காய். ஆமாம், இத்தாலிக்காரர்கள் வளர்த்தெடுத்த காய்தான். அமெரிக்காவுக்கே அது பெரிய அளவில் போய்ச் சேர்ந்தது 1920களில், இத்தாலியிலிருந்து குடியேறிய விவசாயிகள் கலிஃபோர்னியாவில் பயிரிட்ட பிறகுதான். சரி, மாமாவின் இலையில் இருக்கும் முட்டைக்கோஸ் எந்த ஊர்? முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், ப்ரோக்கோலி நான்குமே பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே தாவர இனம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அதில் மூன்றைச் சொந்தமாகவும் ஒன்றை விருந்தாளியாகவும் நடத்துவது என்ன நியாயம்? காலிஃபிளவர் 1822இல் இங்கிலாந்திலிருந்து சஹாரன்பூர் கம்பெனித் தோட்டத்துக்கு வந்தது. உருளைக்கிழங்கும் தக்காளியும் தென் அமெரிக்கா. சிறுமலையிலும் தாண்டிக்குடிப் பக்கமும் விளைகிற சவ்சவ் மெக்சிகோ. புளியோதரையில் தாளித்த மிளகாய் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. அதில் போட்ட கடலைக்கு மணிலாக்கொட்டை என்றே ஒரு பெயர் உண்டு. பெயரிலேயே துறைமுக முத்திரை!

திவசச் சமையலில் முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் சேர்க்காத வீடுகள் இன்றும் உண்டு. காரணம் கேட்டால் "அதெல்லாம் இங்கிலீஷ் காய்" என்பார்கள். ஆக, எது வந்தேறி என்று செத்துப் போன தாத்தாவுக்கு ஞாபகம் இருக்கிறது, உயிரோடு இருக்கிற மாமா மறந்துவிட்டார்.

இத்தனைக்கும் நிலக்கோட்டைக்காரர்கள் இதில் ஆச்சரியப்படவே கூடாது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். அந்த மலையில் விளைகிற இங்கிலீஷ் காய்கள் வத்தலக்குண்டு வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. மலைக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்குகிற கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் இருப்பதே நிலக்கோட்டைத் தாலுகாவில். இன்று அதே மலையில் ப்ரோக்கோலியும் விளைகிறது. மலை விவசாயி ஏற்றுக்கொண்டு விட்டார். அடிவாரத்து மாமாதான் பாக்கி.

இரண்டாவது வாதம்: பச்சையாகக் காய் தின்பது நம் வழக்கம் இல்லை. அப்படியா? ராமநவமிக்குப் பாசிப்பருப்பும் வெள்ளரியும் தேங்காயும் கலந்து செய்கிற கோசுமல்லி என்னவாம்? தயிரில் வெங்காயம் போட்ட பச்சடி? எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு, கடைசியில் கடுகு தாளித்தால் கோசுமல்லி. தாளிக்காவிட்டால் சாலட். நடுவில் இருப்பது ஒரு கரண்டி எண்ணெய்தான்.

மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் கனமானது. "நம்ம சாப்பாட்டில் ஒரு ஞாபகம் இருக்கிறது. இந்தப் பச்சைப் பூவில் என்ன ஞாபகம்?"

அமெரிக்காவில் சர்ச் விருந்துகளிலும் குடும்பப் பிக்னிக்குகளிலும் ஆளுக்கொன்று கொண்டு வரும் சாப்பாட்டுக்கு 'பாட்லக்' என்று பெயர். அந்த மேஜைகளில் ப்ரோக்கோலி சாலட் தவறாமல் இருக்கும். மயோனைஸ், சர்க்கரை, வினிகர், உலர்திராட்சை, வெங்காயம், சூரியகாந்தி விதை, மேலே பொரித்த பன்றி இறைச்சித் துணுக்கு. 1990இல் ஜனாதிபதி புஷ் (அப்பா புஷ்) சின்ன வயதிலிருந்தே ப்ரோக்கோலி பிடிக்காது, இனி தொடவே மாட்டேன் என்று அறிவித்தார். கலிஃபோர்னியா விவசாயிகள் டன் கணக்கில் ப்ரோக்கோலியை வாஷிங்டனுக்கு அனுப்பி பதில் சொன்னார்கள். அம்மா திணித்த காயை வெறுப்பதும் ஒரு ஞாபகம்தானே!

வேலைக்காக அங்கே போன தமிழ் அம்மாக்கள் அடுத்த வீட்டுக்காரியிடம் இதைக் கற்றுக்கொண்டார்கள். இறைச்சியை எடுத்துவிட்டுக் கடலை போட்டார்கள். வீட்டில் வளைகாப்பு, பிறந்தநாள் எதுவானாலும் மேஜையில் அது இருந்தது. அங்கே வளர்ந்த பிள்ளைக்கு அதுதான் அம்மா கை ருசி. இங்கே தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்குப் பொருட்காட்சி டெல்லி அப்பளம் எப்படியோ, அப்படி. டெல்லி அப்பளத்தை எந்தச் சங்ககாலப் புலவரும் தின்றதில்லை. ஆனால் அதைக் கண்டால் கண் கலங்குகிறவர்கள் உண்டு. ஞாபகத்துக்கு வயது ரெண்டாயிரம் வருடம் இருக்க வேண்டியதில்லை. நாலு விசேஷத்தில் நாலு பேரோடு உட்கார்ந்து தின்றால் போதும்.

அதற்காகச் சாலட் கட்சிக்காரர்களையும் சும்மா விட முடியாது. புட்டி மயோனைஸைக் கொட்டி, எண்ணெயில் மிதக்க விட்டு, "ஹெல்த்தி" என்று பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததை மறக்க வேண்டாம். நம்ம ஊர் வெயிலில் அது சீக்கிரம் கெட்டுப் போகும் சரக்கு.

நிலக்கோட்டைக்கு ஏற்ற முறை இது. ஒரு பெரிய ப்ரோக்கோலியைச் சின்னப் பூக்களாகப் பிரித்து, தண்டையும் தோல் சீவி நறுக்கி, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் ஒரே நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் விட வேண்டும். பச்சை நிறம் அப்படியே நிற்கும். துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துவது ரொம்ப முக்கியம், இல்லாவிட்டால் சாலட் ரசமாகிவிடும். ஒரு கப் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, கெட்டியானதும் அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் சர்க்கரை, உப்பு, மிளகுத்தூள் சேர்த்து அடிக்கவும். பத்து சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி வறுத்த கடலை, ஒரு கைப்பிடி உலர்திராட்சை. திராட்சை சீசன் என்றால் பன்னீர்த் திராட்சையையே விதை நீக்கிப் போடலாம். அதன் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க், அதாவது பெயரில் ஜெர்மனி! தயிரைத் தனியாக எடுத்துப் போய், பரிமாறும்போதுதான் கலக்க வேண்டும்.

இனி அசல் விஷயம். "நம்ம சாப்பாடு இல்லை" என்ற வார்த்தை இந்த மண்ணில் காயை மட்டும் ஒதுக்கியதில்லை. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்தார்கள். 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பி, போலீஸ் வழக்கு வரை போனது. அந்தச் சத்துணவில் சோறும் சாம்பாரும் அசல் நம்மூர்ச் சரக்கு. கைதான் 'நம்ம கை' இல்லையாம்!

ஆளுக்கொன்று கொண்டு வரும் விருந்தின் மகத்துவம் இங்கேதான் இருக்கிறது. யார் வீட்டு அடுப்பில் வெந்தது என்று கேட்காமல் எல்லாப் பாத்திரத்தையும் எல்லோரும் திறக்க வேண்டும். அதுவும் சொந்தத்துக்குள் மட்டும் நடந்தால் பெரிய சாதனை ஒன்றும் இல்லை. தெருவுக்கும் காலனிக்கும் சேர்த்து நடக்கட்டும். அந்த மேஜையில் திறக்காமல் திரும்பிப் போன டப்பா எது, அதைக் கொண்டு வந்தது யார் என்று பார்த்தால் ஊரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

ஆகவே மாமாவுக்கு ஒரு வேண்டுகோள். ப்ரோக்கோலி பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், ஜனாதிபதியே சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு கரண்டி தின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 'நம்ம சாப்பாடு இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். டப்பாவைத் திறந்த பெண் அதை 'நீ நம்ம ஆள் இல்லை' என்றுதான் கேட்பாள்.

டிஸ்கி: ப்ரோக்கோலி கிடைக்காதவர்கள் இதே முறையில் காலிஃபிளவரில் செய்யலாம். யாரும் 'கோபி'க்க மாட்டார்கள் :-)