பேராசிரியர் சுருக்கிய கூத்தும் நாம் சுருக்கும் கூத்தும்

புலம்பெயர் நாடுகளில் ஆண்டுவிழாக் காலம் வந்துவிட்டால் கூத்துக்கும் ஒரு கால்மணி நேரம் ஒதுக்கப்படுகின்றது. பரதநாட்டியத்துக்கும் இராப்போசனத்துக்கும் இடையில் அது முடிந்தாக வேண்டும். ஏன் இத்தனை சுருக்கம் என்று வினவினால், "பேராசிரியர் வித்தியானந்தனே சுருக்கினார்தானே" என்ற பதில் தயங்காமல் வருகின்றது. இப்பதில் பாதியளவே உண்மை. மறுபாதியைச் சொல்ல வேண்டிய கடமை எமக்குண்டு.

சு. வித்தியானந்தன் 1924இல் தெல்லிப்பழையிற் பிறந்தவர். இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பேராதனையில் தமிழ் கற்பித்தவர். தமிழ்க் கூத்தோடு உறவுடைய சிங்கள நாடகம மரபை நவீன மேடைக்கு ஏற்றிய சரச்சந்திரவின் 'மனமே' 1956இல் பெருவெற்றி கண்டது. எம்மிடமும் கூத்து இருக்கின்றதே என்ற எண்ணம் தமிழறிஞரிடையே அப்போது வலுப்பெற்றது. கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராகப் பேராசிரியர் ஊர் ஊராகக் கூத்தைத் தேடினார்; போட்டிகள் நடத்தினார்; அண்ணாவிமாரைக் கௌரவித்தார்; அலங்காரரூபன், மூவிராசர், ஞானசௌந்தரி ஆகிய நாடகங்களைப் பதிப்பித்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', 1968இல் 'வாலிவதை' மேடையேறின.

வட்டக்களரியில் விடியும்வரை ஆடிய கூத்து, படச்சட்ட மேடையில் ஓரிரு மணிநேரத்துள் அடங்கியது. அவர் குறைத்தது எதை? திரும்பத் திரும்பப் படிக்கும் பாடல்களையும் நீண்ட வரவாட்டங்களையும். சேர்த்தது எதை? பாத்திரத்தின் மனப்போராட்டத்தை. மௌனகுரு எழுதி ஆடிய இராவணன் வெறும் அரக்கனல்லன். அழிவு தெரிந்தும் போருக்குப் புறப்படும் அவல நாயகன். ஆயின் ஆட்டத்துக்கும் மத்தளத்துக்கும் அதிகாரி அண்ணாவியாரே. மட்டக்களப்பு அண்ணாவிமாரிடம் பல்கலைக்கழக மாணவர் காலடி பழகினர். கத்தரிக்கோலைக் கையிலெடுத்தவர் அருகில், துணியின் நெசவறிந்தவரும் இருந்தார்.

நாம் அம்மேடையேற்றங்களைக் கண்ட தலைமுறையினர் அல்லர். அவரைத் தெய்வமாக்கும் நோக்கமும் எமக்கில்லை. பேராதனை மேடையின் புகழ், கூத்தை ஆடிக் காத்த உழவரையும் ஒடுக்கப்பட்ட சாதியினரையும் சென்றடைந்தது சொற்பமே. கூத்தை ஊரிலே, ஊரவரோடு மீளுருவாக்க வேண்டுமெனப் பின்னாளில் மட்டக்களப்பில் எழுந்த குரலில் நியாயமுண்டு. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய பேராசிரியர் 1989இல் மறைந்தார். அவ்விவாதம் இன்னும் முடியவில்லை.

இங்கு நடப்பதோ வேறு. ஒலிப்பதிவுக்கு ஆடுகிறார்கள், மத்தளம் இல்லை. எதை வெட்டுவது என்பதை மண்டப வாடகை தீர்மானிக்கின்றது. மத்தளம் அறிந்த கைகள் எம்மிடையே இல்லாமலில்லை. அவற்றிற் சில உணவகங்களிற் கோப்பை கழுவுகின்றன; சில அகதி வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கின்றன. அவர்களைத் தேடி அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, எம் பிள்ளைகளுக்குக் காலடி பழக்கச் சொல்வது எந்தச் சங்கத்துக்கும் இயலாத காரியமன்று. பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டாலும் தாளக்கட்டு வாய்வழியே வரும். அண்ணாவிமாரிற் பலரும் அப்படித்தான் கற்றனர்.

அடுத்த ஆண்டுவிழாவிற் கூத்துக்கு ஒரு மணிநேரம் கொடுங்கள். அழைப்பிதழில் அண்ணாவியாரின் பெயர் சங்கத் தலைவரின் பெயருக்கு மேலே அச்சாகட்டும். இராப்போசனம் சற்றுப் பிந்தினாற் பாதகமில்லை.